சிக்கன மலையேற்றம்

மலைப் பிரயாணம் செல்வர்க்கே உரியதென மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையினின்று வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதைக்கு வேண்டுவது திடமான கால்களே.

1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் இல்லங்களை அமைத்தனர். மோட்டார்ச் சாலை இருபதாம் நூற்றாண்டிலேதான் தோன்றிற்று. அதுகாறும் வந்தோருட் பலர் நாற்காலிகளில் அமர்ந்து, கூலியாட்களின் தோள்மீதே மலையேறினர். அவர்தம் பெட்டிகளும் அவ்வாறே ஏறின.

இன்று இவ்வழி செல்ல விரும்புவோர் முதலில் வனத்துறையாரின் அனுமதியைக் கேட்டறிக. மழைக்காலத்தை விலக்குக. தனியே செல்லற்க, வழியறிந்த உள்ளூரார் ஒருவரை உரிய கூலி தந்து அழைத்துக்கொள்க. விடியலில் புறப்படின் வெயிலுக்கு முன்னர்ப் பெருந்தூரம் ஏறலாம். கம்பளி ஒன்று, மாற்றுடை ஒன்று, தண்ணீர், அவல், வெல்லம் ஆகியன போதும். அடிவாரத்து முட்புதர்கள் நீங்க, காப்பித் தோட்டங்களும், சுமார் 7,000 அடி உயரத்தை நெருங்குங்கால் சோலைக் காடுகளும் எதிர்ப்படும்.

வெள்ளகவியில் காலணியைக் கழற்றி நடத்தல் அவ்வூர் வழக்கம். அங்கு உணவு பெறின் கேட்ட விலையைக் கொடுக்க. நெடுங்காலம் அவ்வூர்க்கு அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலுமே ஏறின. சொந்த மூட்டையைச் சுமந்து ஏறியவனுக்கு அவ்விலையின் நியாயம் தானே விளங்கும். நம் சுமையைக் குறைத்துச் சிக்கனம் செய்வோம். பிறர் கூலியில் கைவையோம்.