பாட்டு இழுக்குதா? ரெக்கார்டு பிளேயர் பெல்ட்டைப் பாருங்க!

எல்.பி. ரெக்கார்டு ஓடும்போது நீண்ட வயலின் இசை லேசாக அலைகிறதா? பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கிறதா? உடனே புது ஊசிக்கு ஆர்டர் போட வேண்டாம். பெல்ட் டிரைவ் மாடல் என்றால் முதல் சந்தேகம், தட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் பெல்ட் மேலதான்.

மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துவது இதுதான். தூசி, கை எண்ணெய் படிந்தால் வழுக்கும், வயதானால் தொய்ந்துபோகும். வேகம் மாறினால் சுருதியும் மாறும்.

சோதிக்க ஆப் எல்லாம் தேவையில்லை. நடு லேபிளில் சின்னதா ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 33⅓ வேகத்தில் 3 நிமிடம் எண்ணுங்க. சரியாக 100 சுற்று வரணும். 97தான் வந்தால், சுருதி ஏறக்குறைய கால் ஸ்வரம் இறங்கியிருக்கு.

பிளக்கைக் கழற்றி, ஊசிக்கு மூடி போட்டு, தட்டைத் தூக்குங்க. பெல்ட்டை லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசா காயவிடணும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். பலரும் மறப்பது, பெல்ட் உட்காரும் விளிம்பையும் மோட்டார் புல்லியையும்தான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் கறுப்பாக வரும். அது தேய்ந்த ரப்பர். முறுக்கு விழாமல் திரும்ப மாட்டுங்க, எண்ணெய் மட்டும் போடாதீங்க.

வெடிப்போ தொய்வோ தெரிந்தால் கழுவிப் பயனில்லை. வெந்நீரில் போட்டுச் சுருக்கும் வித்தை கொஞ்ச நாள்தான் தாங்கும். மாடலுக்கேற்ற புது பெல்ட்தான் வழி. டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 வைத்திருப்பவர்கள் தட்டைத் தூக்கித் தேட வேண்டாம். அது டைரக்ட் டிரைவ், பெல்ட்டே கிடையாது!