சிற்றுருவப் புகைவண்டியும் உழைப்பின் கறைகளும்

பழையது என்பது வேறு. பாழடைந்தது என்பது வேறு. நாள்தோறும் வயலில் இறங்கும் உழவு இயந்திரமும், வளவின் மூலையிற் கைவிடப்பட்ட உழவு இயந்திரமும் தம் பொலிவை இழந்தவையே. ஆயினும் முரசுமோட்டைச் சிறுவன் ஒருவன் அவ்விரண்டையும் ஒரே பார்வையிற் பிரித்தறிந்துவிடுவான். முன்னதில் மிதிபடி தேய்ந்து மின்னும். பொருத்துக்களில் எண்ணெய் கசிந்திருக்கும். பின்னதிலோ எங்கும் செந்துருவே படர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கையளவு பொருளொன்றிற் காட்டும் கலை ஒன்று உண்டு. சிற்றுருவப் புகைவண்டிகளைத் திருத்தி, அவற்றுக்கு உழைப்பின் கறையை ஏற்றும் கலையே அது.

மேலைநாடுகளில் வளர்ந்தோரும் விரும்பிப் பயிலும் பொழுதுபோக்கு இது. கடையில் வாங்கும் எஞ்சின் பளபளவென்றிருக்கும். காசு கொடுத்து வாங்கிய புதுப்பொருளை அழுக்காக்குவதா என்று வீட்டார் வியத்தல் இயல்பே. ஆனால், பளபளக்கும் எஞ்சின் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடுகிறது. தக்க இடத்தில் தக்க கறையேறிய எஞ்சினோ ஒரு காலத்தின் சான்றாகிவிடுகிறது.

நம் இலங்கையில் இக்கலைக்கு ஏற்ற பொருள் களனிவெளிப் பாதையின் எஞ்சின்களாகும். வடபகுதிக்கு வரும் பாதையின் தண்டவாளங்களுக்கிடையே 5 அடி 6 அங்குல அகலம் உண்டு. களனிவெளிப் பாதையோ 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றர் அகலமே கொண்ட ஒடுங்கிய பாதையாக அமைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து புறப்பட்ட அப்பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற மலைப்பாதையும் இதே அகலமுடையதே. மலைப்பாதை 1940களில் மூடப்பட்டது. களனிவெளிப் பாதையில் எஞ்சியிருந்த பகுதி 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. ஒடுங்கிய தண்டவாளங்கள் மறைந்துவிட்டமையால், அவற்றில் எஞ்சின் ஓடும் காட்சியை இனி மாதிரியுருவிலேதான் காணலாம்.

மாதிரி செய்வோர் உண்மையளவை 87இல் ஒரு பங்காகக் குறைப்பதுண்டு. 762ஐ 87ஆற் பிரித்தால் 8.76 வரும். ஆகவே 9 மில்லிமீற்றர் அகலமுள்ள மாதிரித் தண்டவாளம் இதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை, அளவொத்த அயல்நாட்டு மாதிரியொன்றை வாங்கித் திருத்திக்கொள்ளலாம். முதலிற் செய்யவேண்டியது கத்தியை எடுப்பதன்று. இன்ன எஞ்சின், இன்ன ஆண்டு எனத் தீர்மானிப்பதே. பழைய நிழற்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, புகைபோக்கியின் உயரம், ஓட்டுநர் அறையின் கூரை, பக்கத் தண்ணீர்த்தொட்டி, நிலக்கரிப் பெட்டி ஆகியவற்றை ஒப்புநோக்க வேண்டும். மிகுந்ததை அறுத்து நீக்கலாம். குறைந்ததை மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். கைப்பிடிகளுக்குப் பித்தளைக் கம்பி உதவும்.

அடுத்தது கறையேற்றல். இங்கே விதி ஒன்றே: காரணமில்லாத கறை எதுவும் வேண்டாம். முன்புறத்துப் புகைப்பெட்டியை வெப்பம் தாக்குவதால் அங்கே பூச்சு வெந்து சாம்பல்நிறம் காட்டும். அதன் பின்னுள்ள கொதிகலனுக்கு வெப்பங்காக்கும் உறையும் அதன்மேல் தகடும் உண்டாகையால், அங்கே நிறம் நெடுநாள் நிற்கும். கூரைமேற் கரி படியும். நீராவி கசியும் பொருத்துக்களில், கிணற்றுநீர் கொதித்த கேத்தலின் உட்புறத்திற்போல, வெள்ளைச் சுண்ணப்படிவு தோன்றும். தொட்டியின் வாயிலிருந்து வழிந்த நீர் நேர்கோடாகத் தடம்விட்டு இறங்கும். சக்கரங்களின் அருகே, பிறேக் கட்டை தேய்ந்த இரும்புத்தூள் பழுப்பாகப் படியும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் எண்ணெயிற் கறுத்து மினுங்கும். தொழிலாளர் பற்றிய கைப்பிடியும் மிதித்த படியும் மாத்திரம் தேய்ந்து ஒளிரும்.

தனிக் கறுப்பு, சிற்றுருவில் மிகக் கடுமையாகத் தோன்றுமாதலால் அதிற் சிறிது சாம்பல்நிறம் கலப்பது நன்று. நீர்த்த பழுப்பு நிறத்தைப் பூசி, உலருமுன் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால், அது மூலை முடுக்குகளில் மாத்திரம் தங்கும். பொடித்த வெண்கட்டியையும் கரித்தூளையும் மென்தூரிகையால் தடவி, பளபளப்பற்ற வார்னிஷை மெல்லிதாகத் தெளித்தால் அவை நிலைக்கும். தண்டவாளத்தைத் தொடும் சக்கரப் பரப்பிற் பூச்சுப் படலாகாது. படின் மின்னோட்டம் தடைப்பட்டு எஞ்சின் நின்றுவிடும். செந்நிறத் துருவை அள்ளிப் பூசுவோரும் உளர். நாள்தோறும் எண்ணெயிட்டுத் துடைத்த எஞ்சினுக்கு அது பொருந்தாது. கைவிடப்பட்ட எஞ்சினுக்கே உரியது.

இந்நுட்பம் நமக்கு எதற்கு என வினவலாம். வடபகுதிக்கான புகையிரதசேவை 1990இல் நின்றது. மீண்டும் 2013இற் கிளிநொச்சியையும், 2014இல் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. இடைக்காலத்திற் பிறந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகள், பரந்தனுக்கு அருகில் வாழ்ந்தும் புகையிரதம் ஓடக் கண்டதில்லை. நிலக்கரி எஞ்சினை நேரிற் கண்டோரோ இன்று முதுமையடைந்துவிட்டனர். அரும்பொருட்சாலைகள் எஞ்சின்களைத் துருவினின்று காக்கப் புதுநிறம் பூசுவது முறையே. ஆனால், அப்பூச்சின் கீழே உழைத்தோரின் கைத்தடம் மறைந்துவிடுகிறது. அத்தடத்தை நிழற்படங்களும், முதியோர் நினைவுகளும், அவற்றை நம்பிச் செய்த மாதிரிகளுமே காக்கவல்லன.

மின்னெஞ்சின் வாங்க வசதியில்லாத மாணவர்க்குக் கடின அட்டையும் அடுப்புக்கரியும் போதும். வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவரிடம், புகை எங்கே படிந்தது, நெருப்புக்காரர் எங்கே நின்றார், எந்தக் கம்பியைப் பற்றி ஏறினார் என்று கேளுங்கள். அவர் விரல்சுட்டிக் காட்டும் இடத்தில் முதற் கறையை இடுங்கள்.