‘சும்மாதானே சார் கொடுத்தோம்!’ - வாடிக்கையாளருக்கு இலவசமாக மது கொடுத்தால் குற்றமா?

மேகமலைக்கு வரும் குடும்பத்துக்குச் சின்னமனூர் பக்கம் ஒருவர் தன் தோட்டத்து வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி சாப்பாட்டோடு ஆளுக்கொரு கிளாஸ் ஒயின். பில்லில் அது இல்லை. ஜவுளிக்கடையில் கலர் வாங்கிக் கொடுப்பதில்லையா, அதுமாதிரிதான் என்று அவர் நினைக்கலாம். ஆனால், “விக்கலையே சார்” என்ற பதில் தமிழ்நாட்டில் எடுபடாது.

இங்கே மதுவை ஆள்வது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தாலும் சட்டம் போகவில்லை. டாஸ்மாக், கிளப், ஸ்டார் ஹோட்டல் பார் எல்லாமே அதிலிருந்து கொடுக்கப்பட்ட விலக்குகள்தான். அதன் 4-வது பிரிவு விற்பனையோடு நிற்கவில்லை. அனுமதியில்லாமல் வைத்திருப்பது, கொண்டு போவது, தயாரிப்பது, குடிப்பது, இதையெல்லாம் தன் இடத்தில் நடக்க விடுவது என அத்தனையும் குற்றம். காசு கைமாறியதா என்பது அப்புறம் வரும் கேள்வி.

“டாஸ்மாக்ல வாங்கினதுதானே?” வாங்கி வைத்துக்கொள்ள 1996-ம் ஆண்டு விதிகள் ஓர் அளவு வரை இடம் தருகின்றன. ஆனால் அவற்றின் பெயரிலேயே ‘சொந்த உபயோகம்’ என்றுதான் இருக்கிறது. கட்டணம் கட்டித் தங்கும் விருந்தாளி அதில் எங்கே வருவார்?

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் இரண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை. தோட்டத்துப் பழம்தானே என்று ஒயின் போட்டால், அது மது தயாரிப்பு. இன்னொன்று, மலையேறினால் குமுளி. அங்கே வாங்கிய பாட்டில் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தால் வண்டியே பறிமுதலாகலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கதை வேறு. முடிதிருத்தகமும் அழகு நிலையமும் உரிமம் இல்லாமலேயே வாடிக்கையாளருக்குச் சுமார் 355 மி.லி. பீரோ 177 மி.லி. ஒயினோ இலவசமாகத் தரலாம். 2017 முதல் இந்தச் சலுகை. அங்கேகூட இரவு 10 மணியோடு சரி.

இங்கே நிகழ்ச்சிகளில் மது பரிமாற சிறப்பு உரிமம் என 2023-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, பட்டியலில் கல்யாண மண்டபங்களும் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் ஏப்ரல் 24-ம் தேதி மண்டபங்களை நீக்கித் திருத்தம் வெளியானது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பரிமாறுவதற்கே உரிமம் என்றுதான் அந்த அறிவிப்பும் பேசியது. மொய் வாங்கும் வீட்டுக்காரர் சரக்குக்குக் காசு கேட்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே!