பாஸ்வேர்டு யார் கையில்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் குழு இணையதளம் செய்து கொடுத்தது. இறுதியாண்டு புராஜெக்ட். மாணவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது, எங்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது. துண்டறிக்கைகளில், மையத்தின் வெளிச் சுவரில் எல்லாம் அந்த முகவரியை எழுதி வைத்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து, மையத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி செல்போனில் அந்த முகவரியைத் தட்டினாள். பணம் கட்டி ரம்மி ஆட அழைக்கும் பக்கம் திறந்தது.

நடந்தது இதுதான். இணையப் பெயரை அந்தக் குழுவில் ஒரு தம்பி தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். படிப்பு முடிந்து பெங்களூரு வேலைக்குப் போனார். செல் எண் மாறியது. ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கள், அவர் திறந்தே பார்க்காத பெட்டியில் விழுந்து கிடந்தன. கெடு முடிந்ததும் பெயர் பொதுச் சந்தைக்குப் போனது. யாரோ வாங்கிக்கொண்டார்கள். தம்பி மீது எனக்குக் கோபமில்லை. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் இருந்தது எங்கள் தவறு.

அதனால்தான், போன டிசம்பரில் பி.சி.ஏ. இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் வந்து, "அக்கா, உங்க மையத்துக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கிறோம், நெட்வொர்க் பிளானும் போட்டுக் குடுக்கிறோம், லெட்டர்பேடுல ஒரு லெட்டர் மட்டும் குடுங்க" என்று கேட்டபோது, உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனாலும் அவர்கள் நேரில் வந்ததே பெரிது. பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிகளில் 'புராஜெக்ட் சென்டர்' பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை மேலாண்மை, நூலக மேலாண்மை என்று ஆயத்தமாக வைத்திருப்பார்கள். பணம் கட்டினால் நிரல், அறிக்கை, கெட்டி அட்டை பைண்டிங் எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். இல்லாத மருத்துவமனைக்கு, யாரும் பார்க்காத இணையதளம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் கூலிதான் அந்தப் பணம். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அட்டை கல்லூரி அலமாரிக்குப் போகும். பிள்ளை எதையும் கற்காமல் வெளியே வரும்.

வந்த நால்வரில் மூவர் ஆண்கள். நான்காவது, பக்கத்து ஒன்றியத்தின் காலனியிலிருந்து வரும் மாணவி. முதல் பட்டதாரி. மற்ற மூவரும் டீக்கடைக்குப் போனபோது, "உனக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டேன். "டாக்குமென்டேஷன்க்கா" என்றார். அறிக்கை எழுதுவது, ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டிங் கொடுப்பது. குழு பிரிக்கும்போது யாரும் கூப்பிடவில்லையாம். கடைசியில் ஆசிரியர் இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாராம். வகுப்பில் உதவித்தொகைப் பட்டியல் வாசித்து எழுந்து நிற்கச் சொல்லும் நாளிலேயே யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு குழு தானாகப் பிரிகிறது, வேலையும் தானாகப் பிரிகிறது. அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. இதை அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முதல் மாதிரியைக் கொண்டுவந்தார்கள். முகப்பில் படங்கள் வரிசையாக நகர்ந்தன. எங்கள் ஆல்பத்திலிருந்து எடுத்தவை. அவற்றில் ஒன்று, தாக்கப்பட்டுத் தலையில் கட்டுடன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். "இது இருந்தாத்தான் வெயிட்டா இருக்கும்" என்றார் குழுத் தலைவர். மாணவி மெதுவாகக் கேட்டார்: "அவங்க பக்கத்துல நிக்கிறவங்க சாட்சிதானே? இன்னமும் அதே ஊர்லதானே கூலிக்குப் போறாங்க?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் வந்த பிரிவு 15ஏ, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் உரிமைகளைச் சொல்கிறது. தேவைப்பட்டால் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். நீதிமன்றம் மறைக்கக்கூடிய ஒரு முகத்தை, நியாயம் கேட்கும் நாமே ஊருக்குக் காட்டலாமா? படங்களை எடுத்துவிட்டோம்.

அந்த இடத்தில் என்ன வைப்பது? மூன்று நாள் பேசினோம். எங்களைத் தேடி வருபவர்கள் அதிகம் கேட்பது, "எத்தனை நாள்ல நடக்கணும்?" என்பதுதான். சட்டமும் விதிகளும் அதற்குக் கணக்கு வைத்திருக்கின்றன. நிவாரணம் 7 நாட்களுக்குள். குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள். தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணை இயன்றவரை குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதங்களுக்குள் முடிய வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாணவர்கள் ஒரு சிறு பக்கம் செய்தார்கள். முதல் தகவல் அறிக்கையின் தேதியைப் போட்டால், 7-வது நாள் எது, 60-வது நாள் எது என்று காட்டும். பெயர் கேட்காது, ஊர் கேட்காது, எதையும் சேமிக்காது. கீழே, வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. இன்னொரு பக்கத்தில், கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல். எல்லாம் யூனிகோடு தமிழில், குறைந்த டேட்டாவில் திறக்கும்படி.

நெட்வொர்க் திட்டத்திலும் இப்படி ஒரு பாடம் இருந்தது. நூலக அறையிலிருந்து தெருக்கோடியில் உள்ள சமுதாயக் கூடம் வரை, பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு, காகிதத்தில் ஒரு நேர்கோடு போட்டிருந்தார்கள். மாணவி கொத்தனாரிடம் டேப் வாங்கி அளந்தார். 130 மீட்டர். செம்புக் கம்பியாலான நெட்வொர்க் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரைதான் சரியாக வேலை செய்யும். நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழை, அல்லது கம்பியில்லா இணைப்பு. அளக்காமல் வாங்கியிருந்தால் கேபிள் காசு வீண்.

அதைவிடப் பெரிய கேள்வி, இணைப்பு எந்த வழியாக வரும் என்பது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்வது இலக்கு. எங்கள் ஊராட்சிக் கட்டடம் ஊரில் இருக்கிறது. காலனி அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். இடையில் ஊர்த்தெரு. திருவிழாத் தகராறு ஒன்றில் அறுந்த கேபிள் டிவி ஒயர், மூன்று மாதம் ஒட்டப்படாமல் தொங்கிய தெரு அது. பாடப்புத்தகத்தில், ஓர் இணைப்பு போனால் மாற்று இணைப்பு வேண்டும் என்று படித்திருக்கிறார்கள். எதனால் போகும் என்பது இங்கே வந்து தெரிந்தது. நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு ஒயர், அது போனால் சிம் போட்ட ரூட்டர் ஒன்று என்று திட்டம் மாறியது. வரைபடத்தை மாணவியே வரைந்தார். வாய்மொழித் தேர்வில் அந்தப் பகுதியை அவரே விளக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர், 'வெயிட்டா இருக்கும்' என்று சொன்ன அதே குழுத் தலைவர்.

இந்த முறை கடிதம் கொடுக்கும் முன் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இணையப் பெயர் மையத்தின் மின்னஞ்சலில், மையத்தின் செல் எண்ணில் பதிவாக வேண்டும். பாஸ்வேர்டு மையத்தில் இருவரிடம் இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண். ஒரு வரியைத் திருத்துவது எப்படி என்று தமிழில் எழுதிய நோட்டு வேண்டும். அந்த நோட்டைப் பார்த்து எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தானே ஒரு பக்கத்தை மாற்றிக் காட்டிய பிறகுதான் கடிதம். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

நம் செய்தியை நாமே வெளியிட வேண்டும் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' தொடங்கினார். தன் பெயரில் தன் பொறுப்பில் ஏடு நடத்தியவர்களின் பிள்ளைகள் நாம். நம் முகவரி வேறொருவர் மின்னஞ்சலில் கிடக்கக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். நிரல், வரைபடம், அறிக்கை என்று எல்லா வேலையும் எல்லோர் கைக்கும் மாறி மாறி வரட்டும். அமைப்பிடம் முறையாக ஒப்படைத்ததற்கும் மதிப்பெண் வையுங்கள்.

நம் மாவட்டத்தில் இரவுப் பள்ளி, நூலகம், மகளிர் குழு, தொழிலாளர் சங்கம் நடத்தும் தோழர்களே, இறுதிப் பருவம் தொடங்கும்போது பக்கத்துக் கல்லூரியின் கணினித் துறைக்குப் போய், எங்களுக்கு இது தேவை என்று நீங்களே கேளுங்கள். ஏற்கெனவே இணையதளம் இருந்தால், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் மையத்தில் அந்தத் தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறோம். அழிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.