பூஜ்யத்தில் ஏறுவதும் பத்தில் இறங்குவதும்

ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு மாணவியின் மதிப்பெண் என்பது இரண்டு எண்களின் கூட்டல். செய்த வித்தைகள் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று. எவ்வளவு சுத்தமாகச் செய்தாள் என்பதற்கு இன்னொன்று. கடினத்தின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கி ஏறும். சுத்தத்தின் கணக்கு பத்தில் தொடங்கி இறங்கும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி வாங்கிய முழுப் பத்துக்கு இன்று அந்தப் பொருளில் இடமில்லை. 2006-ல் சர்வதேச விதிகள் மாறியபோது பத்து என்ற உச்சவரம்பே போய்விட்டது.

இந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைகளுக்கும் முக்கியம். சென்னையை ஒட்டிய திருமுல்லைவாயிலில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பிள்ளைகள் முதலில் மோதும் களம் திருவள்ளூர் மாவட்டம். மாவட்டம், மாநிலம் தாண்டினால் தேசியப் பள்ளி விளையாட்டு. அங்கே 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டில் 500 இடங்கள் இருப்பதால், புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண்கூட வீட்டில் பெரிய பேச்சாகிறது.

கழித்தலுக்கு அளவு உண்டு. சிறு பிசகுக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிதுக்கு 0.5, விழுந்தால் 1.0. தரைப் பயிற்சியில் ஒரு பின்குட்டிக்கரணத்தை எடுத்துக்கொள்ளலாம். முழங்காலை மார்போடு மடக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினால் அதன் மதிப்பு 0.1. உடலை நீட்டி, நடுவில் ஒரு முழு முறுக்கும் சேர்த்தால் 0.2. கூடுதல் லாபம் 0.1 மட்டும்தான். முறுக்கு முடியும் முன்பே பாதம் மெத்தையைத் தொட்டு, ஒரு சிறு அடி தள்ளாடினாலே அந்த 0.1 போய்விடும். கூடவே முழங்கால் மடிந்திருந்தால் நஷ்டம். கை ஊன்றி விழுந்தால் ஒரு முழுப் புள்ளி காலி. பத்து முறை முறுக்கினால்தான் ஈடுகட்டக்கூடிய இழப்பு.

இந்த எளிய கணக்கைப் பல பயிற்சிக் களங்களில் யாரும் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவதில்லை. புதிய வித்தை ஒன்று சேர்ந்தால் போதும் என்ற அவசரம்தான் தெரிகிறது. ஸ்பாஞ்சு நிரப்பிய குழி இல்லாத இடத்தில், நைந்த மெத்தை மேல், பதின்மூன்று வயதுக் கணுக்கால் அந்த அவசரத்தைச் சுமக்கிறது. மதிப்பெண் விதியைப் பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டியது இதுதான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர் செய்த புரோடுனோவா தாண்டலின் கடின மதிப்பு 7.0. மேசையைக் கையால் உந்தி, முன்னோக்கி இரண்டு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டிய தாண்டல் அது. அவர் மிகத் தாழ்வாக அமர்ந்தபடி இறங்கினார், அதற்கு 15.266 கிடைத்தது. முதல் தாண்டலின் 14.866-ஐச் சேர்த்து எடுத்த சராசரி 15.066. வெண்கலம் 15.216-க்குப் போனது. நான்காமிடத்துக்கும் பதக்கத்துக்கும் நடுவே நின்றது 0.150. ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்த ஒருவரே அந்த இறக்கத்தில் புள்ளிகளை இழந்தார். 2017-ல் அதே தாண்டலின் மதிப்பு 6.4 ஆகக் குறைக்கப்பட்டது.

கடினத்துக்குப் பரிசு இல்லாவிட்டால் ஆட்டம் வளராது என்போரும் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளோ தமக்கென்று தனி விதிப்புத்தகம் வைத்து, பத்தையே உச்சமாகக் காக்கின்றன. வளரும் வயதுக்கு அதுவே பொருத்தம்.

சுத்தத்துக்கு நடுவர்கள் பலர் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு மற்றவற்றின் சராசரி எடுக்கப்படும். நடுவர்கள் குறைவான போட்டியில் இந்தக் காப்பும் குறையும். சர்வதேச விதிப்படி முறையீடு கடின மதிப்புக்கு மட்டுமே. எந்த வித்தை கணக்கில் வரவில்லை என்று பயிற்சியாளர் உடனே கேட்கலாம். முழங்கால் மடிந்ததா, பாதம் சேர்ந்திருந்ததா என்று கேட்க முடியாது. அதில் நடுவர் கண்டதே கணக்கு.