கணினியின் வேகத்தைக் கூட்டலாமா?

மானிப்பாயில் ஒரு வீட்டிலே ஒரேயொரு மேசைக் கணினி இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பில் பயிலும் மகனின் ஒப்படைகளும் குடும்பத்துப் படங்களும் அதற்குள்ளேயே உள. அம்மகன் ஒருநாள், "அப்பா, காசு செலவில்லாமல் இதன் வேகத்தைக் கூட்டலாம்" என்கிறான். தந்தையார் யாது விடை பகர்வது?

அவன் கருதுவது ஓவர்குளொக்கிங் என்னும் வித்தையை. நட்டுவனாரின் தாளத்துக்கு ஆடுபவர் அடிவைப்பதுபோல, கணினியின் செயலி ஒரு மின்துடிப்புக்கு இசைந்தே வேலை செய்கின்றது. தயாரித்தவர் குறித்த தாளத்தை விரைவுபடுத்துவதே இவ்வித்தை.

ஒருகாலத்தில் இதில் மெய்யாகவே ஊதியம் இருந்தது. 1998 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்னும் மலிவுச் செயலியை வெளியிட்டது. அது 300 மெகாஹேர்ட்ஸுக்கென விற்கப்பட்டது. தாய்ப்பலகையின் துடிப்பை 66 இலிருந்து 100 ஆக மாற்றியதும், பல வேளைகளில் 450 இல் ஓடியது. அவ்வாண்டின் விலையுயர்ந்த பென்ரியம் 2 இன் உச்ச வேகமும் அதுவே. (அந்நாளில் நம் குடாநாடு தேசிய மின்தொடரோடு இணைப்பற்றுக் கிடந்தது என்பது வேறு கதை.)

இன்று அந்த மிச்ச வேகத்தைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொண்டனர். குளிர்ந்திருக்கையில் செயலி தானாகவே வேகத்தை ஏற்றுகின்றது, சூடேறினால் இறக்குகின்றது. நமக்கு எஞ்சுவது சொற்பம். இன்ரெல் செயலிகளுட் பெரும்பாலானவற்றில் அதற்கும் பூட்டுண்டு.

விலையோ பெரிது. வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட நேரும். செலவாகும் வலு, வேகத்துக்கு நேராகவும் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறுவது. இரண்டையும் 10 வீதம் கூட்டினால், வலு ஏறத்தாழ 33 வீதம் கூடும். அத்தனையும் வெப்பமே. குளிரூட்டியில்லா அறையில், சித்திரை வெயிலில், அவ்வெப்பம் எங்கே போகும்? மின்வெட்டு வேளையில் மின்கலமும் விரைவிற் தீரும்.

செயலி எரிந்துவிடுமென அஞ்சுவோர் பலர். அது அரிது, எல்லை மீறிச் சூடேறினால் அது தானே நின்றுவிடும். நான் அஞ்சுவது, நில்லாமற் பிழையாகக் கணிக்கும் செயலியை. கோப்பு பழுதானது மூன்று திங்கள் கழித்தே தெரியவரும். 2024 ஆம் ஆண்டில், இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன; நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டிக்க நேர்ந்தது. தயாரித்தவர் கைக்கே அளவு தப்பியதென்றால் நம் கைக்கு எம்மாத்திரம்!

1990களில் பெற்றோல் கிடையாதபோது, நம்மவர் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை கக்கியது, எந்திரம் தேய்ந்தது. ஆயினும் வேறு வழியில்லை. இங்கோ வழிகள் உள. பழைய வன்றட்டை அகற்றித் திண்மநிலைத் தட்டுப் பூட்டினால் கணினி விழித்தெழும் நேரமே வெகுவாகக் குறையும். நினைவகம் போதாதெனில் கூட்டலாம். விசிறியில் அப்பிய செம்மண் தூசியைத் துடைக்க ஒரு தூரிகை போதும்.

இவ்வளவும் கேட்ட பின்னும் ஆசை தீராத இளைஞர், வீட்டாருக்குத் தேவைப்படாத பழைய கணினியொன்றில் முயல்க. சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரவு முழுவதும் சோதித்து, வெப்பமானியைக் கவனித்து வருக.