பொற்பதக்கம் பெறாத பெருவீரர்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு மலாயா புதிய நாடன்று. அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய முதியோர் பலர் நம்மிடையே வாழ்ந்தனர். இன்று மலேசியா எனப்படும் அந்நாட்டில், மலாயர், சீனர், தமிழர் என்ற பேதமின்றி யாவரும் தம்முடையதெனக் கொண்டாடும் விளையாட்டு ஒன்றுண்டு. அதுவே பட்மின்டன். அவ்விளையாட்டிற் பெரும் புகழீட்டிய லீ சொங் வெய் என்பாரின் வரலாற்றை மாணவர்கள் பொருட்டு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

இவர் 1982 ஆம் ஆண்டு பேராக் மாநிலத்துப் பாகான் செராய் என்னும் ஊரிற் பிறந்தார். சிறுவயதில் இவருக்குக் கூடைப்பந்தாட்டத்திலேயே மோகம். வெட்டவெளியிற் கொளுத்தும் வெயிலிலே பிள்ளை காய்கின்றானே எனத் தாயார் அதைத் தடுத்துவிட்டார். தந்தையாரோ பட்மின்டன் பிரியர். பதினொரு வயது மகனைத் தம்மோடு ஆட்ட மண்டபத்துக்குக் கூட்டிச் சென்றார். ஒரு தாயின் வெயிற் பயம் ஒரு நாட்டுக்கே வீரனைத் தேடித் தந்தது என்றால் மிகையாகாது. பின்னர் மிஸ்புன் சீடெக் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் இவருக்குக் குருவாக வாய்த்தார். பதினேழாம் வயதிற் தேசியக் குழுவில் இடங் கிடைத்தது.

இவரின் மனத்திண்மையை உலகம் கண்டது 2006 ஆம் ஆண்டு மலேசியப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில். எதிரே நின்றவர் சீனத்து லின் டான். ஆளுக்கோர் ஆட்டம் வென்றபின், மூன்றாவது ஆட்டத்தில் லீயின் புள்ளிகள் 13, லின் டானின் புள்ளிகள் 20. இன்னும் ஒரேயொரு புள்ளி. அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அந்நிலையிலிருந்து ஏழு புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சமநிலை கண்டு, ஈற்றில் 23 - 21 என வென்றார். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரந்தானே உண்டு எனக் கைசோரும் மாணவர்களுக்கு இதனை நாம் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு.

2008 ஓகஸ்ட் முதல் 2012 யூன் வரை 199 வாரங்கள் இடையறாது உலகின் முதலாம் இடம் இவருடையதாயிருந்தது. மொத்தமாகக் கணக்கிடின் 349 வாரங்கள். அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு முறையும் மலேசியப் பகிரங்கப் பட்டத்தைப் பன்னிரண்டு முறையும் வென்றார். எனினும் ஒலிம்பிக் தங்கமும் உலக வல்லவர் பட்டமும் அவர் கைக்கு எட்டவேயில்லை.

2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் லின் டானிடம் 12 - 21, 8 - 21 எனத் தோற்றார். அது நேர்த்தோல்வி, அதிற் சொல்ல யாதுமில்லை. உள்ளத்தை வருத்துவன பின்னர் வந்தவை. 2011 இல் இலண்டன் வெம்பிளி மண்டபத்தில் உலகப் போட்டியின் இறுதியாட்டம். மூன்றாவது ஆட்டத்தில் 21 - 23. மறு ஆண்டு அதே மண்டபத்தில் ஒலிம்பிக் இறுதியாட்டம்; அதே எதிராளி; மூன்றாவது ஆட்டத்தில் 19 - 21. இரு தடவையும் இரண்டே புள்ளிகள்! அவ்விரண்டாம் போட்டிக்குச் சில வாரங்களின் முன்னரே அவருக்குக் கணுக்காலிற் காயம் நேர்ந்திருந்தது.

ஒரு கறையையும் மறைத்தலாகாது. 2014 இல் கொப்பன்கேகன் உலகப் போட்டியின்போது தடைசெய்யப்பட்ட மருந்தொன்று அவர் உடலிற் காணப்பட்டது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கிருக்கவில்லை என விசாரணைக் குழுவினர் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் கவனக்குறைவுக்காக எட்டு மாதத் தடை விதித்து, அப்போட்டியிற் பெற்ற வெள்ளிப் பதக்கத்தையும் பறித்தனர். உட்கொள்ளும் பொருளுக்கு ஆட்டக்காரனே பொறுப்பாளி என்னும் விதி கடுமையானதுதான். அது நியாயமானதென்றே நாம் கருதுகின்றோம்.

தடை நீங்கி வந்தவர் 2016 இல் றியோ ஒலிம்பிக் அரையிறுதியாட்டத்தில் லின் டானை 15 - 21, 21 - 11, 22 - 20 என வென்றார். எட்டு ஆண்டுக் கடன் தீர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். இனித் தங்கம் நிச்சயம் என மலேசிய மக்கள் நம்பியிருக்க, இறுதியாட்டத்திற் சென் லோங் என்னும் மற்றொரு சீன வீரர் 18 - 21, 18 - 21 என இவரை வீழ்த்தினார். மூன்றாவது வெள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த வரையிலும் எந்த விளையாட்டிலும் மலேசியாவுக்கு ஓர் ஒலிம்பிக் தங்கந்தானும் கிட்டவில்லை என்பதை எண்ணினால், இந்த மனிதர் தோள்மீது எத்துணைப் பாரம் சுமத்தப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

2018 யூலையில், முப்பத்தைந்து வயதில், தம்மினும் பன்னிரண்டாண்டு இளையவரான யப்பானிய வீரர் கென்ரோ மொமொட்டாவை வென்று பன்னிரண்டாவது மலேசியப் பட்டத்தை எடுத்தார். சின்னாட்களில் மூக்கிற் புற்றுநோய் கண்டது. தாய்வானிற் சிகிச்சை பெற்றுத் தேறினார். மீண்டும் ஆட முயன்றும் உடல் இடந்தரவில்லை. 2019 யூன் 13 இல் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார்.

லின் டானும் இவரும் நாற்பது முறை மோதினர். அவற்றுள் இருபத்தெட்டில் வென்றவர் லின் டான். 2023 இல் உலக பட்மின்டன் சம்மேளனம் தன் புகழ்வீரர் வரிசையில் அவ்விருவரையும் ஒருங்கே சேர்த்துக்கொண்டது.